பேராதனையின் ஓராண்டு: வாய்ப்புற்றைத் தேடிப் போன கதை

புற்றுநோய் ஆராய்ச்சி என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுபவை அடையாறு, மும்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, லண்டன், நியூயோர்க் போன்ற பெரிய பெயர்கள். ஆனால் வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி உலகில் எங்கு பேசப்பட்டாலும், கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையிலிருந்து தொடங்கிய ஓர் ஆய்வைக் குறிப்பிடாமல் அந்தப் பேச்சு நிறைவு பெறுவதில்லை. பெரிய இயந்திரங்களோ, விலை உயர்ந்த மருந்துகளோ இல்லாமல், 52 வாரங்களில் நடத்தி முடிக்கப்பட்ட ஆய்வு அது. அதன் வெற்றியும் அதில் விடப்பட்ட குறையும் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை. ஏனெனில் இந்த நோயின் கதையில் நமது வெற்றிலைத் தட்டமும், மலையகத் தோட்டத் தொழிலாளரின் மடியிலுள்ள வெற்றிலைப் பையும் முக்கிய இடம் பெறுகின்றன.

வெற்றிலையும் கண்டியும்

கண்டி இராச்சியத்தின் பொருளாதாரத்தில் பாக்குக்கு இருந்த இடம் பலருக்குத் தெரியாது. கறுவாவும் யானையும் பேசப்பட்ட அளவுக்குப் பாக்கு பேசப்படவில்லை. ஆயினும் மலைநாட்டுப் பாக்கு தென்னிந்தியக் கரைக்குச் சென்றதும், பதிலாகச் சோழமண்டலக் கரையின் துணி இங்கு வந்து சேர்ந்ததும் நீண்டகால வாணிபம். கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இந்தப் பாக்கு வாணிபத்தைத் தம் ஏகபோகமாக்க முயன்றதும் வரலாறு. 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் பாக்கு மரத்தையும் மக்களின் வெற்றிலைப் பழக்கத்தையும் விரிவாகவே குறித்துள்ளார்.

சிங்களவருக்குப் புத்தாண்டில் பெரியவர்களை வணங்கிக் கொடுப்பது வெற்றிலை. தமிழருக்குத் திருமண அழைப்பு முதல் தாம்பூலம் வரை வெற்றிலை. முஸ்லிம்களின் விருந்திலும் அதற்கு இடமுண்டு. மூன்று சமூகங்களும் வேறுபாடின்றிப் பகிர்ந்துகொண்ட பழக்கம் இது என்று சொன்னால் மிகையாகாது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிச் செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னாரில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை வழியாக மலையேறினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். கோப்பி அழிந்து தேயிலை நிலைத்தபோது இந்தத் தொழிலாளரின் வாழ்வும் மலையிலேயே நிலைத்தது. விடியுமுன் பிரட்டுக்களம், பிறகு பனியிலும் மழையிலும் கொழுந்து நிரை, மாலையில் லயத்துக் காம்பரா. இந்த வாழ்வில் பசியை மறக்கவும், குளிரைத் தாங்கவும், கொஞ்சம் தெம்பு வரவும் உதவியது வெற்றிலை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த அந்தக் கூறு மலிவானது, எங்கும் கிடைப்பது, வேலையை நிறுத்தாமல் வாயில் அடக்கிக்கொள்ளக் கூடியது. பீடியோ சுருட்டோ பிடிக்க முடியாத பெண்களுக்கும் சமூகம் அனுமதித்த ஒரே போதை அதுவே.

நெய்யூரில் தொடங்கிய ஐயம்

வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் தொடர்பு உண்டென்ற ஐயம் புதியதன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டல் என்ற மருத்துவர், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933இல் ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரிடையே காணப்படும் வாய்ப்புற்று குறித்து லான்செட் இதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரு தமிழ்ச் சிற்றூரின் மருத்துவமனைப் பதிவேடுகள் உலக மருத்துவ இலக்கியத்தில் இடம் பிடித்தது இவ்வாறுதான்.

இலங்கையில் இந்த ஐயத்தை விஞ்ஞான ரீதியாக எழுப்பியோரில் குறிப்பிடத்தக்கவர் பல் வைத்தியர் டபிள்யூ. பாலேந்திரா. வெற்றிலை மெல்லுதல் பல்லுக்கும் வாயின் திசுக்களுக்கும் செய்யும் தீங்கையும், கன்னத்தின் உட்புறப் புற்றுநோயுடன் அதற்கு இருக்கக்கூடிய தொடர்பையும் பற்றிய அவரது கட்டுரை 1949இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வெளியானது.

இலங்கையில் பல் மருத்துவக் கல்வி 1938இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குச் சென்றது. அதே பத்தாண்டில் பல் மருத்துவத் துறையும் பேராதனையின் ஒகஸ்டா குன்றுக்கு இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளுக்கு நாட்டின் ஒரே பல் மருத்துவக் கல்விக்கூடமாக விளங்கிய அதற்கு, மலைநாட்டில் இருந்ததே ஒரு பெரும் வாய்ப்பாயிற்று. வாய் திறக்க முடியாமலும், கன்னத்தில் ஆறாத புண்ணோடும் வந்த நோயாளர் அதன் வாசலில் நாள்தோறும் நின்றனர். ஆராய்ச்சிக்கான கேள்வி அங்கே தானாகவே எழுந்தது. வந்தவர்களிற் பெரும்பாலோர் காலம் கடந்து வருகின்றனரே, அவர்களை முன்னரே கண்டுபிடிக்க முடியாதா என்பதே அந்தக் கேள்வி.

52 வாரங்கள்

வாய்ப்புற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஈரலிலோ கணையத்திலோ தோன்றும் புற்றுநோயைப் போல அது மறைந்திருப்பதில்லை. வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். அதுமட்டுமன்று, பல நோயாளரிடம் புற்றுநோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ செம்படலமோ காணப்படும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் பழக்கத்தை நிறுத்தலாம், சிறு சத்திரசிகிச்சையோடு ஆளைக் காப்பாற்றலாம். ஆனால் இதைப் பார்ப்பதற்கு ஊருக்கு ஒரு நிபுணர் எங்கே கிடைப்பார்?

இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சியில், பேராதனையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரியவும் அவரது சகாக்களும் உலக சுகாதார நிறுவனத்தோடு கைகோத்தனர். அந்த நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சுவீடன் நாட்டவர் யான் ஸ்டியேர்ன்ஸ்வார்ட், வாய் நோயியலில் உலகப் புகழ்பெற்ற டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் பிண்ட்போர்க், இலங்கைத் தரப்பில் ஏக்கநாயக்க, எஸ். சிவயோகம் முதலியோர் இதில் இணைந்தனர். கொப்பன்ஹேகன், ஜெனீவா, பேராதனை என மூன்று இடங்களின் அறிவு ஒரு கிராமத் திட்டத்தில் கூடியது.

திட்டம் எளிமையானது. ஏற்கெனவே கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர் 34 பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. வாயை எப்படிப் பார்ப்பது, எது சாதாரணம், எது ஐயத்துக்குரியது என்பதை அவர்கள் கற்றனர். தமது வழமையான கடமைகளைச் செய்தவாறே, அடுத்த 52 வாரங்களில் அவர்கள் 28 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் வாயைப் பரிசோதித்தனர். 1,220 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றம் இருப்பதாகக் கண்டு, அவர்களை நிபுணரிடம் செல்லுமாறு எழுதிக் கொடுத்தனர்.

நிபுணர்கள் மீண்டும் பார்த்தபோது, பணியாளரின் கணிப்பு மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பட்டம் பெறாத, குறுகிய பயிற்சி மட்டும் பெற்ற ஓர் ஊர்ப் பணியாளரால் வாய்ப்புற்றையும் அதன் முன்நிலையையும் அடையாளம் காண முடியும் என்பது நிறுவப்பட்டது. ஆய்வின் முடிவு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இதழில் வெளியானது.

1984 என்ற ஆண்டையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1983 ஜூலை வன்செயல்களின் தீ கண்டியையும் மலையகத்தையும் சுட்டு ஓராண்டுகூடக் கடக்காத காலம் அது. நாடு இரண்டாகப் பிளந்து நின்றபோது, சிங்களப் பெயர்களும் ஒரு தமிழ்ப் பெயரும் வெளிநாட்டவர் பெயர்களும் அருகருகே அச்சாகிய அந்தக் கட்டுரை உலகெங்கும் சென்றது. அந்த ஆண்டு இலங்கையிலிருந்து உலகுக்குச் சென்ற செய்திகளில் நல்ல செய்திகள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

வராமற்போன பாதிப்பேர்

இனி அந்த ஆய்வின் மறுபக்கத்துக்கு வருவோம். நிபுணரிடம் செல்லுமாறு சொல்லப்பட்ட 1,220 பேரில் உண்மையில் சென்றவர் 660 பேர். நூற்றுக்கு 54 என்ற கணக்கு. எஞ்சிய 560 பேர் வரவே இல்லை.

தமது வெற்றியை மட்டும் கொண்டாடிவிட்டு அமைதி கொள்ளாமல், அந்த ஆய்வாளர்கள் இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டனர் என்பது பாராட்டுக்குரியது. அனுப்பப்பட்டவர்கள் வருகிறார்களா என்பதைப் பற்றியே 1988இல் ஒரு தனிக் கட்டுரை எழுதினர். பின்னர் வர்ணகுலசூரியவும் நாணயக்காரவும் இதே முறையை இன்னும் பெரிய அளவில் மீண்டும் நடத்தி, 1991இல் முடிவை வெளியிட்டனர். அப்போது 57 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பரிசோதிக்கப்பட்டனர். அனுப்பப்பட்டோரில் சுமார் பத்துக்கு ஆறு பேர் வந்தனர். சற்று முன்னேற்றம்தான், ஆனாலும் பத்தில் நால்வர் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஏழை மக்களிடையே பழகிய எவருக்கும் இதன் விடை ஓரளவு தெரியும். வாய்ப்புற்றின் முன்நிலை வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாட் கூலியை இழக்க ஏழை துணிவதில்லை. தோட்டத்தை எடுத்துக்கொண்டால், வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது; பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பஸ் செலவு வேறு. துணைக்கு ஒருவர் வந்தால் அவரது கூலியும் போயிற்று. வைத்தியசாலையில் தன் மொழியில் யாராவது பேசுவார்களா என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றுநோய் என்ற சொல்லின் மேலுள்ள அச்சம். பார்க்காமல் இருந்தால் இல்லாமற் போய்விடும் என்று நம்புவது மனித இயல்பு.

மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. நீண்டகாலம் அவர்களின் சுகாதாரம் அரசின் பொறுப்பாக இன்றித் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைப்பதே வைத்தியம் என்று வாழ்ந்த ஒரு சமூகம், பெரிய வைத்தியசாலையின் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை.

தோட்டத்தை நோக்கி

பேராதனை ஆய்வாளர்கள் பின்னர் தோட்டங்களுக்கே சென்றனர். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு 2007இல் வெளியானது. ஆரியவர்தன, சித்தீக், திலகரத்ன, அமரதுங்க முதலிய பேராதனை அறிஞரோடு தாய்வான் நாட்டு ஆய்வாளர் ஒருவரும், அப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகியிருந்த வர்ணகுலசூரியவும் அதில் பங்கேற்றனர். வெற்றிலை போடுதலே இம்மக்களின் வாய்ப்புற்று முன்நிலைகளுக்கு முக்கிய காரணி என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அயலிலுள்ள சப்ரகமுவ மாகாணத்தில் ஹேமந்த அமரசிங்கவும் அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியர் நியூவெல் ஜோன்சன் முதலியோரும் நடத்திய ஆய்வுகள் 2010இல் இதே முடிவை வலியுறுத்தின.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கும் வெற்றிலையும் போட்டால் தீங்கில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு புற்றுநோயை உண்டாக்கும் என அறிவித்தது. 2003இல் கூடிய அதன் நிபுணர் குழு, பாக்கு தனித்தும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளே என முடிவு செய்தது. அதன் விரிவான அறிக்கை 2004இல் வெளிவந்தது.

பாக்கு என்ன செய்கிறது? அதிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசுவை மிகையாக வளரத் தூண்டுகிறது. வளர்ந்த நார் கரைந்து போவதும் தடைப்படுகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி விறைக்கும். நாளடைவில் வாய் திறக்கும் அளவு குறைந்து, ஈற்றில் ஒரு விரல் நுழைவதே கடினமாகிவிடும். கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்த நோயைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதன்முதலில் விவரித்தார். புலம்பெயர்ந்தோர் தம் பழக்கத்தையும் கூடவே எடுத்துச் செல்கின்றனர் என்பதற்கு இதுவே சான்று. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுள்ள 66 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் 5 பேருக்குப் புற்றுநோய் தோன்றியது, அதாவது நூற்றுக்கு 7.6 வீதம். 1985இல் வெளியான அந்த ஆய்விலும் பிண்ட்போர்க் பங்கேற்றிருந்தார். இந்த நார்நோயின் காரணங்கள் பற்றிப் பேராதனைப் பேராசிரியர் திலகரத்ன, ஜப்பானிய அறிஞர் சாக்கு முதலியோருடன் இணைந்து 2006இல் எழுதிய மீளாய்வு, இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்றாகும்.

பேராதனையின் ஒத்துழைப்பு அத்துடன் நிற்கவில்லை. ஜப்பானிய உதவியோடு 1990களின் பிற்பகுதியில் புதிய பல் மருத்துவமனைக் கட்டடம் எழுந்தது. வாய்ப்புற்றில் நுண்ணுயிர்களின் பங்கு பற்றி இலங்கை நோயாளரின் திசுக்களைக் கொண்டு கிரிஃபித் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து செய்த ஆய்வு 2017இல் வெளியானது. சிறிய நாடொன்றின் மலைநகரப் பீடத்துக்கு இவை பெருமை தரும் சாதனைகளே.

எட்டிய இடமும் எட்டாத இடமும்

பேராதனை காட்டிய வழியில் கேரளமும் சென்றது. திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் மையத்தினர் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். 2005இல் லான்செட் இதழில் வெளியான முடிவு, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததைக் காட்டியது. பணியாளரால் நோயைக் காண முடியும் என்று பேராதனை நிறுவியது. அவ்வாறு காண்பதால் உயிர் பிழைக்கும் என்று திருவனந்தபுரம் நிறுவியது.

இலங்கையிலும் சட்டம் ஓரளவு முன்னேறியது. 2006இல் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனைக்குத் தடை வந்தது. ஆயினும் இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று தொடர்ந்தும் இடம்பெறுகிறது. பாக்கு வீட்டுக் கொல்லையில் காய்ப்பது. அதைச் சட்டத்தால் தடுப்பது எளிதன்று.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே செல்லும் பெரிய வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். அது கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை நோக்கிச் செல்லும் வீதி. விரிவுரைக்குச் செல்லும் மாணவரும், தோட்டத்திலிருந்து நகருக்கு வரும் தொழிலாளரும் ஒரே வீதியில்தான் பயணம் செய்கின்றனர். ஆய்வுக்கூடத்துக்கும் லயத்துக்கும் இடையே மைல்கள் அதிகமில்லை. இடையில் நிற்பவை கூலி, மொழி, பயம் ஆகிய மூன்றுமே. இவற்றைக் கடக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குப் பேர் போடத் தோட்ட நிர்வாகம் இணங்க வேண்டும். நிபுணர் மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக்கே வர வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்லும் பணியாளர் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். அவ்வாறு வைத்தால் அது அரசியலுக்கும் நல்லது, தொழிலாளருக்கும் நல்லது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் நமது கடைகளில் பாக்கு தடையின்றிக் கிடைக்கிறது. திருமண வீட்டில் ஒரு நாள் தாம்பூலம் தரிப்பதையும் தினமும் வாயில் அடக்கி வைத்திருப்பதையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் தினசரிப் பழக்கமுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், அவரை வாய் திறக்கச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வெண்படலம், செம்படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாய் திறப்பதில் இறுக்கம் இவற்றில் ஏதேனும் இருந்தால் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 34 கிராமப் பணியாளர் குறுகிய பயிற்சியில் கற்றதன் சாரம் இவ்வளவே.

சொல்லி அனுப்புவதோடு நின்றுவிடாமல், கூடவே போய் வருவது முக்கியம். அந்த 560 பேரில் எத்தனை பேருக்குத் துணைக்கு வர ஆளில்லாமற் போயிற்றோ, நாம் அறியோம்.